சருகின் மேல் ஓடும் வேர்

இரத்தினபுரியை நெருங்கும்போதே வயல்களின் நடுவில் ஓலைக் கூரைகள் தென்படும். காவல் குடில்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். அவை மாணிக்கக் குழிகள். கமுக மரத்தை முட்டுக்கொடுத்து, பம்பை ஓடவிட்டுத் தண்ணீரை இறைத்தபடி, 30 அடி, 40 அடி என்று ஆட்கள் இறங்கிப் போகிறார்கள். சேற்றையும் களியையும் தாண்டினால் ஒரு கூழாங்கல் படுகை வரும். அதைச் சிங்களத்தில் ‘இல்லம’ என்பார்கள். நம் காதில் அது ‘இல்லம்’ என்றே விழுகிறது. நீலக்கல்லும் வைடூரியமும் குடியிருக்கிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் குழிகளைப் பார்த்துவிட்டு, அவிசாவளை வழியாக எட்டியாந்தோட்டைப் பக்கம் போன ஒரு பயணத்தில்தான் வனிலாக் கொடியின் காலடி மண்ணை முதன்முதலில் கிட்ட இருந்து பார்த்தேன். இறப்பர் தோட்டத்து லயத்துக்குப் பின்னால், சரிவில், சில பேர்ச் அளவே உள்ள துண்டு நிலம் அது. கிளிரிசிடியா மரங்கள் வரிசையாக நின்றன. மரத்துக்கு ஒரு கொடி. அதைப் பார்த்துக்கொள்ளும் அக்கா 30 வருஷம் பால்வெட்டு வேலை செய்து ஓய்ந்தவர். கொடியின் அடியில் குந்தி, சருகை இரண்டு விரலால் விலக்கினார். கறுப்பாக, ஈரமாக, தேயிலைத் தூளைப் போலப் பொலபொலவென்று ஒரு படிவு தெரிந்தது. அதற்குள் வெள்ளை நூல் இழைகளாக வேர்கள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. அடியில் செம்மண் தெரிந்ததும் கையை எடுத்துவிட்டுச் சருகை மறுபடி இழுத்து மூடினார், தூங்கும் பிள்ளைக்குப் போர்த்திவிடுவது போல.

“இம்புட்டுத்தான் தம்பி இதுக்கு மண்ணு. செம்மண்ணுல ஆழமா பொதைச்சீங்கன்னா அழுகிப் போயிரும்.”

நாற்பது அடி இறங்கியும் வெறுங்கையோடு ஏறி வருகிறவர்களை முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். உலகத்தின் விலையுயர்ந்த வாசனைப் பொருள்களில் ஒன்று நாலு விரற்கடைச் சருகில் குடித்தனம் நடத்துகிறது என்பது மனத்தில் பதியச் சற்று நேரம் எடுத்தது.

வனிலா ஓர்க்கிட் குடும்பத்துச் செடி. 25,000க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட அந்தப் பெரிய குடும்பத்தில், காய்க்காகப் பெரும் அளவில் பயிரிடப்படுவது இது ஒன்றுதான். மற்றவற்றில் பயிரிடப்படுபவை பெரும்பாலும் அழகுக்கு. இதன் பிறந்த வீடு மெக்சிக்கோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும். அங்கே மழைக்காட்டின் தரையில், இலை விழுந்து மக்கி, அதன்மேல் இலை விழுந்து மக்கி உண்டான மெத்தையில் கிளம்பி, கிடைத்த மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறப் பழகியது. ஆழத்து மண்ணோடு அதற்கு எந்தக் காலத்திலும் உறவு இருந்ததில்லை. மேலே இருந்து விழுவதை வாங்கி வாழ்கிற செடி அது. கூடவே ஒரு தோழமையும் உண்டு. சருகுக்குள் வாழும் ஒருவகைப் பூஞ்சை அதன் வேருக்குள் நுழைந்து, தான் கரைத்தெடுத்த சத்தில் பங்கு கொடுக்கிறது. அதன் விதை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு கரும்புள்ளி. முளைப்பதற்கான கட்டுச்சோறு எதுவும் அதற்குள் கிடையாது. காட்டில் அந்த விதை விழும் இடத்தில் சரியான பூஞ்சை இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. தாய் கட்டிக்கொடுக்காத சோற்றை வழியில் ஒருவன் கொடுப்பான் என்ற நம்பிக்கையில் விதையை அனுப்பிவைக்கிற செடி இது!

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சப்ரகமுவ மாகாணத்தின் மண் அதற்கு நேர்மாறான கதை. அதைச் சொல்லாமல் இந்தக் கொடியின் சாமர்த்தியம் விளங்காது.

இந்த மாகாணத்தின் அடியில் கிடப்பது பழம்பாறை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பூமியின் ஆழத்தில் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்து உருமாறிய பாறைகள். நீலக்கற்கள் அந்தச் சூட்டில் பிறந்தவை. பின்னர் பாறை மேலே வந்தது. மழை அதைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கரைத்தது. கரையாத கடினக் கற்களை ஆறுகள் உருட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் சேர்த்தன. அதுதான் இல்லம். ஆனால் அதே மழை, கரையக்கூடிய சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் மண்ணிலிருந்து கழுவி, களு கங்கையிலும் களனியிலும் ஏற்றிக் கடலுக்கு அனுப்பிவிட்டது. மீந்தது இரும்புத் துருவின் சிவப்பும் மஞ்சளும். செம்மஞ்சள் பொட்சோலிக் மண் என்று மண்ணியலில் இதற்குப் பெயர். அமிலத்தன்மை மிகுந்தது. தேயிலைக்கு அது தேன். அமில மண்ணைக் கேட்டு வாங்கிக் குடியேறும் செடி அது. இறப்பரும் அதைச் சகித்துக்கொள்ளும். வனிலாவோ அமிலம் குறைந்த, ஏறக்குறைய நடுநிலையான மண்ணைக் கேட்கும். ஒரே மழை பள்ளத்தில் நீலக்கல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேட்டில் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. கொடுத்ததும் எடுத்ததும் ஒரே கை.

அப்படியிருந்தும் வனிலா இங்கே வளர்கிறது. அந்த நாலு விரற்கடை மெத்தைதான் காரணம். அது செம்மண்ணின் மேலே, செம்மண்ணைத் தொட்டும் தொடாமலும் போட்ட இன்னொரு பூமி. கிளிரிசிடியா இலை, வாழைச் சருகு, ஊறவைத்து உப்பும் துவர்ப்பும் போக்கிய பொச்சுமட்டை, மாட்டெரு, கைப்பிடி டொலமைட் சுண்ணாம்பு என்று வருஷம் முழுவதும் அதற்குத் தீனி போடுகிறார்கள். கொடி அந்த மெத்தையின் விருந்தாளி. மெத்தை காய்ந்தால் வேர் காயும். மெத்தையில் நீர் தேங்கினாலோ பியூசேரியம் என்ற பூஞ்சை வேரை அழுகவைத்துவிடும். உயிர் கொடுப்பதும் பூஞ்சை, உயிரை எடுப்பதும் பூஞ்சை. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு நீர் நிற்கிறதா, ஓடுகிறதா என்பதுதான்.

அதனால்தான் சரிவு. எட்டியாந்தோட்டை இருக்கும் கேகாலை மாவட்டத்தின் மேடு பள்ளங்கள் நெல்லுக்குத் தொல்லை, வனிலாவுக்கு வரம். எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் நிற்காது. ஆனால் இந்தச் சரிவுகளைப் பற்றிப் பக்தியோடு மட்டும் எழுதிவிட முடியாது. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களையே மூடியது. அதுவும் மழையின் வேலைதான். இங்கே மலையைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் அன்பினால் மட்டும் கும்பிடுவதில்லை, பயமும் சேர்ந்துதான் கை குவிகிறது.

மழைக் கணக்கைச் சொல்ல வேண்டும். வனிலா வளர்ப்பவர்கள் கேட்பது வருஷத்துக்கு 1,500 முதல் 3,000 மில்லிமீற்றர் வரை மழை, 21 முதல் 32 பாகை செல்சியஸ் வெப்பம், பாதி நிழல். இரத்தினபுரி நகரத்தில் பெய்வது 3,500 மில்லிமீற்றருக்கும் மேல். சென்னையில் ஒரு வருஷம் பெய்வதைப்போல இரண்டரை மடங்கு. அரபிக்கடல் பக்கமிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மத்திய மலைகளின் மேற்குச் சுவரில் மோதி, சுமந்து வந்ததை எல்லாம் இறக்கிவைக்கும் முற்றம் இந்த மாகாணம். அதே இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடையைத் தாண்டிப் போகப் போக மழை மெலிந்து, எம்பிலிப்பிட்டியவில் வறண்ட பூமியே வந்துவிடுகிறது. பஸ்ஸில் சில மணி நேரத்துக்குள் மழைக்காட்டிலிருந்து பாலை மரமும் வீரை மரமும் நிற்கும் நிலத்துக்கு இறங்கிவிடலாம். கடவுள் ஒரு மாவட்டத்துக்குள் ஒரு தேசத்தின் பருவங்களை மடித்து வைத்திருக்கிறார் என்று இறக்குவானைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மிகை என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்த மழை வனிலாவுக்குப் போதாதா? போதும். போதும் என்பதில்தான் சிக்கல். தாகமே அறியாத கொடி பூக்காது. இலை மேல் இலையாக விட்டுக்கொண்டு, தடித்து, பளபளத்து, மரத்தின் உச்சிவரை ஏறிப்போய்விடும். மொட்டு மட்டும் வராது. இரண்டு மாதமாவது மழை பின்வாங்க வேண்டும். வேர் லேசாக வாட வேண்டும். இரவில் கொஞ்சம் குளிர வேண்டும். அப்போதுதான் கொடி வளர்வதை நிறுத்திவிட்டு, இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கக்கத்தில் மொட்டுக்கட்டும்.

சப்ரகமுவவுக்கு அந்த இடைவெளி தை, மாசியில் கிடைக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் தன் ஈரத்தைத் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்கும் காலம். சிவனொளிபாதமலை யாத்திரைக்கும் இதுதான் காலம். மார்கழிப் பௌர்ணமிப் போயாவில் தொடங்கி வெசாக் போயாவில் முடியும் பருவம் அது. பௌத்தர் புத்தரின் பாதம் என்றும், நம்மவர் சிவனின் பாதம் என்றும், இஸ்லாமியர் ஆதமின் பாதம் என்றும் ஏறும் 2,243 மீற்றர் மலை, மேகத்தை விலக்கி முகம் காட்டுகிற மாதங்கள். இரத்தினபுரிப் பக்கப் பாதையில் அடியார்கள் பனியில் நடுங்கியபடி இரவிரவாக ஏறிக்கொண்டிருக்கும் அதே நாள்களில், அடிவாரத்து வனிலாக் கொடிகள் தாகத்தில் இருந்து மொட்டுக்கட்டுகின்றன. வடக்கே ஒரு கடலைக் கடந்து வரும் காற்றின் திசை இரண்டையும் முடிவு செய்கிறது.

இரத்தினபுரி நகரை ஒட்டிய மிக ஈரமான பள்ளங்களில் இந்த இடைவெளியும் சில வருஷங்களில் முழுசாக வாய்ப்பதில்லை. தையில்கூட அங்கே மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதனால் வனிலாவுக்குக் கேகாலைச் சரிவுகளையும், பலாங்கொடையின் ஈரம் குறைந்த பக்கத்தையுமே நான் நம்புவேன். தண்ணீர் ஓடும் மேடு எது என்று பார்த்து நடுகிறவன் பிழைத்துக்கொள்வான், மழை அதிகம் என்று பார்த்து நடுகிறவன் இலையைத்தான் அறுப்பான். தோட்டக்காரர்களும் சும்மா இருப்பதில்லை. மேலே ஏறும் கொடியை மடித்து, கிளையில் போட்டுக் கீழே தொங்கவிடுகிறார்கள். நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். ஏற வழியில்லாத கொடி பூக்க நினைக்கிறது. வானம் கொடுக்காத சின்ன நெருக்கடியை மனிதக் கை கொடுக்கிறது.

தாகத்தைத் தாங்க இந்தக் கொடிக்கு வேறோர் ஏற்பாடும் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துவாரங்களைத் திறந்து மூச்சு வாங்கும். அதில் நீரும் ஆவியாகிப் போகும். வனிலா, கள்ளியையும் அன்னாசியையும் போல, பகலில் துவாரங்களை மூடிக்கொள்கிறது. இரவில் குளிர் இறங்கியதும் திறந்து, காபனீரொட்சைட்டை வாங்கி, அமிலமாக்கி இலைக்குள் சேமித்து வைக்கிறது. விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சேமித்ததை வெயிலில் சமைக்கிறது. அந்தத் தடித்த இலையைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே தண்ணீர் இருப்பது விரலுக்குத் தெரியும். ஒவ்வோர் இலைக்கும் எதிரே தண்டிலிருந்து ஒரு வேர் புறப்பட்டு மரப்பட்டையைப் பிடிக்கிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சவும் அதற்குத் தெரியும். லயத்து மக்கள் எல்லாம் போர்த்துக்கொண்டு தூங்கும் நேரத்தில் கொடி மூச்சு விடுகிறது. அந்த வேளையில் அந்தத் தோட்டத்தில் நின்றால் ஒன்றும் கேட்காது. ஆனாலும் மெதுவாகத்தான் நடக்கத் தோன்றும்.

கிளிரிசிடியாவைப் பற்றி ஒரு வார்த்தை. வேலிக் கம்பு, ஆட்டுக்கு இலை, அடுப்புக்கு விறகு என்று இந்த நாட்டில் எல்லோரும் கையால் ஒடித்துப் போடுகிற மரம். 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு இதை அறிவித்தது. இதன் பிறந்த வீடும் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும்தான். அங்கே கொக்கோவுக்கு நிழல் தந்த மரம் என்பதால் ‘கொக்கோவின் தாய்’ என்று அதற்குப் பெயர். மெக்சிக்கோவின் அஸ்டெக் அரசர்கள் கொக்கோப் பானத்தில் வனிலாவைக் கலந்து குடித்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு காலத்தில், ஆளுக்கொரு கப்பலில் புறப்பட்டு, பாதி உலகம் சுற்றி, எட்டியாந்தோட்டைச் சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கின்றன. கிளிரிசிடியா காற்றிலுள்ள நைதரசனை வேரில் பிடித்து இலையாக்குகிறது. பருவமழை மூட்டம் கட்டும்போது கிளையை வெட்டி அடியில் போட்டால் கொடிக்கு வெளிச்சமும் சோறும் ஒரே வெட்டில் கிடைக்கும். வெயில் காலத்தில் வெட்டாமல் விட்டால் குடை. எங்கிருந்தோ கொண்டுவந்து நடப்பட்டு, இந்த மண்ணிலே வேர் பிடித்தவர்களின் கதை நம் மலையகத்துக்குப் புதிதல்ல. அதனாலோ என்னவோ, அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு சொந்தம் தோன்றிவிடுகிறது.

வெளியூரிலிருந்து வந்த இந்த வனிலாவுக்கு இங்கே ஏற்கனவே உறவினர் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் வறண்ட காடுகளிலும் தென்னிந்தியாவிலும் இலையே இல்லாத ஒரு வனிலாக் கொடி உண்டு. பச்சைக் கயிறு போலப் புதரில் கிடந்து, திடீரென்று வெள்ளையாகப் பெரிய பூக்களை விரிக்கும். ஈரமான தென்மேற்குக் காடுகளிலோ உலகில் வேறெங்கும் இல்லாத இன்னோர் இனம் இருக்கிறது. பேராதனைப் பூங்காவின் தொடக்க காலப் பொறுப்பாளர் அலெக்சாண்டர் மூனின் பெயரை அது தாங்கியிருக்கிறது. இரண்டையும் யாரும் ஐஸ்கிறீமுக்காகத் தேடி வருவதில்லை. 

இனிப் பூ. பங்குனி, சித்திரையில் பூக்கும் கொடிக்கு இந்த மண்ணின் வானம் செய்யும் ஓர் உபகாரம் உண்டு. அந்த மாதங்களில் காலை தெளிந்திருக்கும். வெயில் ஏறி, மேகம் திரண்டு, இடியோடு மழை வருவது பின்னேரத்தில். வனிலாப் பூ விடியலில் விரிந்து உச்சிவேளைக்குள் சோர்ந்துவிடும். அதன் ஆயுள் அந்த ஒரு காலைதான். மழை வரும் நேரத்தில் பூவுக்கு வேலை முடிந்திருக்கும். ஒரு கொத்தில் 15, 20 மொட்டுகள். நாளுக்கு ஒன்றோ இரண்டோதான் விரியும். வெளிர் பச்சையும் மஞ்சளுமாக, கர்வமில்லாத பூ. பெரிய மணமும் இல்லை. நாளைய வாசனையின் எந்தத் தடயத்தையும் அது வெளியில் காட்டுவதில்லை.

அதன் உள்ளே ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே தூணில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. நடுவில் ஒரு மெல்லிய நாக்கு திரை போட்டிருக்கிறது. ஒரு நெல்லின் அகலம்கூட இல்லாத அந்தத் திரையைத் தாண்ட மகரந்தத்துக்கு வழியில்லை. பிறந்த ஊரில் சில வகைத் தேனீக்களுக்கு வழி தெரியும். இங்கே அந்தத் தேனீக்கள் இல்லை. சிவனொளிபாதத்தைச் சிங்களத்தில் ‘சமனல கந்த’ என்பார்கள். வண்ணத்துப்பூச்சி மலை என்று அர்த்தம். பூச்சிகள் கூட்டம் கூட்டமாக அந்த மலையை நோக்கிப் பறப்பதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நின்று எண்ணுவார்கள். அத்தனை சிறகுகள் தோட்டத்தைக் கடந்து போகின்றன. வனிலாப் பூவின் கதவைத் திறக்க ஒன்றுக்கும் தெரியாது.

அந்தக் கதவை எளிதாகத் திறக்கும் வழியைக் கண்டுபிடித்தது ஓர் அடிமைச் சிறுவன். மெக்சிக்கோவிலிருந்து ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளுக்குப் போன கொடி நெடுநாள் அங்கே காய்க்கவே இல்லை. 1836இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சார்ல்ஸ் மொறன் என்ற தாவரவியல் பேராசிரியர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்கவைத்தார். ஆனால் தோட்டத்தில் ஆயிரம் பூவுக்குச் செய்யக்கூடிய வழியாக அது இருக்கவில்லை. 1841இல் இந்து சமுத்திரத்தில் ரீயூனியன் தீவில், எட்மோன் என்ற 12 வயதுப் பையன் ஒரு மூங்கில் சிம்பால் திரையைத் தூக்கி, கட்டை விரலால் அழுத்திவிட்டான். நொடியில் முடிகிற வேலை. இன்றைக்கும் மடகஸ்காரிலிருந்து கேகாலை வரை எல்லோரும் செய்வது அந்த அழுத்தத்தைத்தான். 1848இல் அடிமைத்தனம் ஒழிந்தபோது அவருக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. 1880இல் ஏழையாகவே செத்தார். அந்தத் தீவுக்கும் நம்மவர்கள் கரும்புக் கூலிகளாகக் கப்பலேறிப் போனார்கள். அங்கே அவர்களுக்கு ‘மலபார்’ என்று பெயர். படைப்பின் ஒரு பூட்டுக்குச் சாவி, சொந்தமாக ஒரு குடும்பப் பெயர்கூட இல்லாத பிள்ளையின் கையில் கொடுக்கப்பட்டிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அக்காவின் கையில் மூங்கில் இல்லை, தென்னை ஈர்க்கு. காலை ஆறரை மணிக்கே தொடங்கிவிட்டார். இடது கையில் பூவைத் தாங்கி, ஈர்க்கால் உதட்டிதழை வகிர்ந்து, திரையை மேலே தள்ளி, கட்டை விரலால் ஒரு தட்டு. அடுத்த பூ. நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு பூவுக்கு மூன்று நான்கு மூச்சுக்குமேல் ஆகவில்லை. இறப்பர் மரத்தில் பட்டையை மட்டும் சீவி, உள் மரத்தில் கத்தி படாமல் நிறுத்தத் தெரிந்த கை அது. ஒரு மயிரிழை தவறினால் மரம் காயப்படும், கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு விழும் என்று 30 வருஷம் பழகிய கை. இந்தப் பூவுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது. ஒரு கொத்தில் நாளுக்கு நாள் விரிவதில் எட்டுப் பத்துப் பூவைத்தான் தொடுவார், மிச்சத்தை விட்டுவிடுவார். எல்லாவற்றையும் காய்க்கவைத்தால் கொடி இளைத்துப் போகுமாம்.

“காயி நீளுறது ரெண்டு மாசந்தான். பெறகு அப்பிடியே நிக்கும். பறிக்கிறதுக்கு ஒம்பது மாசம். புள்ளத்தாச்சிக் கணக்கு.”

ஒன்பது மாதம் கழித்துப் பறிக்கும் பச்சைக் காயை முகர்ந்து பாருங்கள். பயற்றங்காயைப்போல இருக்கும். வனிலாவின் வாசம் அதில் துளியும் இராது. வனிலின் என்ற மணப்பொருள் சர்க்கரையோடு கட்டுண்டு வாசமில்லாமல் கிடக்கிறது. கட்டை அவிழ்க்கும் நொதியமும் அதே காயில் இருக்கிறது, ஆனால் வேறு அறையில். காய் உயிரோடு இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. அதனால் காயைச் சாகடிக்கிறார்கள். 63 முதல் 65 பாகை சூட்டுத் தண்ணீரில் மூன்று நிமிஷம் அமிழ்த்தி எடுப்பது. கொதிக்கவிட்டால் நொதியமும் செத்துவிடும், சூடு குறைந்தால் காய் சாகாது. செத்த காயைக் கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் வேர்க்கவிட்டு, நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் வெயில் காட்டி, மறுபடி சுற்றி, பிறகு நிழலில் வாரக்கணக்கில் உலர்த்தி, பெட்டியில் மாதக்கணக்கில் பூட்டிவைக்கிறார்கள். ஐந்து ஆறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். கறுத்து, எண்ணெய் மினுக்கு வந்து, விரலில் சுற்றினால் ஒடியாமல் வளையும். அப்போது பெட்டியைத் திறந்தால் வீட்டில் எந்த அறையில் இருந்தாலும் தெரிந்துவிடும்.

இரத்தினபுரிக்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. அவர்களிடம் ‘கெவுடா’ என்றொரு கல் உண்டு. பால் கலந்தாற்போல் மங்கிய, ஒன்றுக்கும் உதவாதென்று ஒரு காலத்தில் ஒதுக்கிய கல். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போய், 1,600 பாகைக்கும் மேலே உலையில் வைத்து எடுத்தார்கள். உள்ளே ஒளிந்து கிடந்த நீலம் வெளியே வந்தது. விலை ஏறிய பிறகுதான் நம் ஆட்களுக்கு விஷயம் தெரிந்தது. கல்லுக்கு 1,600 பாகை, காய்க்கு 65 பாகை. எந்தச் சூட்டில் எது திறக்கும் என்பதைக் கல்லிலும் காயிலும் எழுதிவைத்தவனின் கணக்கு நுட்பமானது.

ஐஸ்கிறீம் கடைகளில் நாம் முகர்வது பெரும்பாலும் இந்தக் காயின் வாசனை அல்ல என்பதையும் ஒளிக்கக் கூடாது. 1874இல் ஜெர்மனியில் ஊசியிலை மரச் சாற்றிலிருந்து வனிலினைச் செய்துவிட்டார்கள். இன்றைக்குத் தொழிற்சாலைகளில் டன் கணக்கில் பெற்றோலிய மூலப்பொருளிலிருந்து வருகிறது. அது ஒற்றை மணப்பொருள். காய்க்குள்ளோ வனிலினோடு 200க்கும் மேற்பட்ட மணப்பொருள்கள், அந்த மண்ணும் நிழலும் அந்த வருஷத்து வெயிலும் சேர்ந்து கொடுத்தவை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் என் மூக்குக்கு வித்தியாசம் தெரிகிறது. தனியாகக் கொடுத்தால் ஏமாறத் தயாராகத்தான் இருக்கிறேன்.

அன்றைக்கு நானும் ஒரு பூவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்கா ஈர்க்கைக் கொடுத்து, கையைப் பிடித்துக் காட்டினார். உதட்டிதழ் கிழிந்தது, திரை எங்கே என்று தெரியவில்லை, தெரிந்தபோது மகரந்தம் நகத்தில் ஒட்டிக்கொண்டது. ஒருவழியாக அழுத்தினேன். பின்னேரம் இடி இடித்து மழை கொட்டியது. பஸ் இல்லாமல் அன்றிரவு லயத்திலேயே தங்கினேன்.

விடிந்ததும் கொடியிடம் போனோம். மகரந்தம் சேர்ந்த பூ வாடினாலும் காம்பை விடாது, சேராதது தொட்டால் கழன்று வரும். அக்கா முந்தின நாள் தொட்டவை ஏழு, வாடிச் சுருங்கி, கொத்துகளில் கெட்டியாக ஒட்டியிருந்தன. எட்டாவது என்னுடையது. விரல் படுவதற்கு முன்பே சருகின் மேல் விழுந்து கிடந்தது. அக்கா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, கொடியின் அடியிலேயே போட்டு, மேலே இரண்டு இலையைத் தள்ளி மூடினார்.

“வேருக்காகும், விடுங்க. இன்னிக்கு ரெண்டு பூத்திருக்கு, ஒண்ணு ஒங்களுக்கு.”

ஈர்க்கை நீட்டினார்.